நூலின் சீரின்மையும் அதன் காரணம் அறியும் முறையும்

பருத்தி ஆடை ஒன்றை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்போமாயின், அதன் நூல்கள் ஆங்காங்கே தடித்தும் மெலிந்தும் இருக்கக் காண்போம். இச்சீரின்மை மிகுமாயின் தறியில் நூல் அறும். சாயமிட்ட துணியிலே கோடுகள் தோன்றும். நெய்தவரின் உழைப்பு வீணாகும். நூற்பாலையினர் இதன் காரணத்தை எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை இங்கு நோக்குவோம்.

சுத்தம் செய்து சீவப்பட்ட பஞ்சு, கயிறு போன்ற தளர்ந்த திரியாகின்றது. ஆறு அல்லது எட்டுத் திரிகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ அத்தனை மடங்கு நீளத்திற்கு இழுப்பர். ஒன்றின் தடிப்பு மற்றொன்றின் மெலிவை ஈடுசெய்வதால் திரி சீராகும். பின்னர் அது மேலும் மெல்லிய திரியாக்கப்பட்டு நூற்பு இயந்திரத்தை அடையும். அங்கே மூன்று சோடி உருளைகள் உண்டு. பின்சோடியைவிட முன்சோடி 30 மடங்கு விரைவாகச் சுழன்றால் திரி 30 மடங்கு நீளும். இதனை இழுவை என்பர். இழுபட்ட திரி, கதிரின் சுழற்சியால் முறுக்கேறி நூலாகின்றது.

40ஆம் எண் பருத்தி நூலின் குறுக்குவெட்டில் சுமார் 90 இழைகளே இருக்கும். இத்தொகை இடத்துக்கிடம் சிறிது மாறுவது இயல்பு. ஆதலால் முற்றிலும் சீரான நூல் என்பது இல்லை. தவிர்க்கக்கூடிய பிழையையே நாம் தேடவேண்டும்.

முதலில் பிழை எங்கெங்கு உளது எனப் பார்த்தல் வேண்டும். ஒரு கதிரில் மட்டும் எனின், அதன் மேலுருளையின் ரப்பர் உறை தேய்ந்திருக்கலாம். அல்லது பஞ்சு சிக்கியிருக்கலாம். ஓர் இயந்திரம் முழுவதிலும் எனின், பற்சக்கரத்தையும் உருளைகளின் இடைவெளியையும் சோதிக்க வேண்டும். எல்லா இயந்திரங்களிலும் எனின், குறை பெரும்பாலும் முந்திய கட்டத்திலோ பஞ்சிலோ இருக்கும்.

அடுத்து, தடிப்பு ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றதா என அளத்தல் வேண்டும். இங்கேதான் கணிதம் துணைசெய்கின்றது. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்னுருளையின் சுற்றளவு, 27 × 3.14 = ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். அவ்வுருளை வட்டம் பிசகியிருப்பின், 8.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பிழை தோன்றும். அதே அளவான பின்னுருளை பிசகியிருப்பின், அப்பிழை இழுவையால் 30 மடங்கு நீண்டு, சுமார் 2.5 மீட்டருக்கு ஒருமுறை தோன்றும். முந்திய கட்டங்களின் பிழையோ பல மீட்டர் இடைவெளியில் வரும்.

குறுகிய இடைவெளிப் பிழைகளைக் கரும்பலகையில் நூலைச் சுற்றிக் கண்ணாலேயே காணலாம். நீண்டவற்றிற்குக் கருவி வேண்டும். 1948இல் சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரிலிருந்து வெளிவந்த சீர்மை அளவி, இரு தகடுகளுக்கிடையே நூலைச் செலுத்தி, அதன் பருமன் மாற்றத்தை மின்முறையால் அளந்தது. அவ்வழிவந்த கருவிகள் இன்றும் ஆலைகளில் உள்ளன.

இடைவெளி ஒழுங்கற்றதாயின், காரணம் வேறு. குட்டை இழைகள் மிகுந்திருந்தாலும், உருளைகளின் இடைவெளி பொருந்தாவிடினும், இழைகள் கட்டுப்பாடின்றிக் கூட்டமாக நகரும். காற்று மிக வறண்டிருப்பின், மின்னேற்றத்தால் இழைகள் ஒன்றையொன்று விலக்கி உருளைகளில் ஒட்டிச் சுற்றும்.

அளந்தறியாது உறுப்புகளை மாற்றினால் செலவு கூடும், பிழையோ நீங்காது. மாணவர்களே, பள்ளியிலே நீங்கள் கற்கும் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கே, நூற்றுக்கணக்கான உருளைகளுள் பழுதுற்றதைச் சுட்டிக்காட்டுகின்றது. கணக்கைக் கருத்தூன்றிக் கற்போர்க்கு இயந்திரமும் தன் குறையைத் தானே கூறும்.