எங்கள் ஊர்க்காரரோடு மோதிய தருமி

பள்ளி ஆண்டு விழாவில் நான்தான் தருமி. நாகேஷ் மாதிரி ஒல்லி என்பதுதான் தகுதி. பொற்கிழிக்கு அப்பாவின் சுருக்குப் பையில் புளியங்கொட்டை. மேடையில் முடிச்சு அவிழ்ந்து கொட்டைகள் உருண்டதும், வசனத்தை விட்டுவிட்டுப் பொறுக்கத் தொடங்கினேன். அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமிக்குக் கிடைத்தது சிறு பகுதிதான். பரஞ்சோதி முனிவர் சொன்ன தருமி, கல்யாணத்துக்குக் காசில்லாமல் சொக்கநாதரிடம் முறையிட்ட பிரம்மச்சாரி. அங்கே சிரிப்புக்கு வேலையில்லை. நாகேஷ்தான் அந்த ஏழைக்கு ஆசையும் பயமும் ரோஷமும் சேர்த்து உயிர் கொடுத்தார். பரிசுக்காகச் சிவன் தந்த பாட்டில் பிழை என்றதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசுவாரே, அது மதுரைக் கடைவீதிப் பேரமேதான்! பிறகு கோயிலில் தனியாகப் புலம்பும் காட்சி. எதிரே ஆளில்லை, நடை, கை, குரல் மூன்றையும் வைத்தே சமாளிக்கிறார். சிவனாக நடித்த சிவாஜி வரும்வரை அவரை நாம் தேடுவதே இல்லை.

தருமியை மடக்கிய நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. நாடக மேடையில் வளர்ந்தவர். எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

அந்த நக்கீரரைப் பூதம் அடைத்துவைத்த குகை எங்கள் திருப்பரங்குன்றத்தில்தான் என்பது ஐதீகம். ஆனாலும் சின்ன வயதில் எங்கள் தெருவில் நக்கீரராக நடிக்க ஆள் கிடைக்காது, தருமிக்குத்தான் அடிதடி.