இறுகிப்போன சக்கர நட்டு: நடுவழியில் அல்ல, வீட்டு வாசலிலேயே கழற்றிப் பாருங்கள்

தீபாவளிக்கு முந்தின இரவு. கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கார், தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் அவசரத் தடத்தில் நிற்கிறது. இடப்பக்கப் பின் டயரில் காற்று இல்லை. மாற்று டயர் இருக்கிறது, ஜேக் இருக்கிறது, ஸ்பேனரும் இருக்கிறது. ஆனால், நான்கு நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. அப்பா முயல்கிறார், மகன் முயல்கிறான். ஸ்பேனரின் மீது ஏறி மிதித்தும் பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன.

இப்படியொரு நிலை யாருக்கும் வரலாம். இதற்குக் காரணம் உடலில் வலு இல்லாதது அன்று. பல வேளைகளில் துருவும் அன்று. அந்த டயரைக் கடைசியாக மாட்டியவர் நட்டை எந்த அளவுக்கு முறுக்கினார் என்பதுதான் காரணம்.

நட்டு ஏன் இப்படி இறுகுகிறது?

நட்டை முறுக்கும்போது, அது ஏறும் இரும்புத் தண்டு மயிரிழை அளவுக்கு நீள்கிறது. நீண்ட தண்டு பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தைக் காரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே அந்த இழுப்பாக மாறுகிறது. மற்ற ஒன்பது பங்கும் மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. தோட்டத்துச் செம்மண் சேறும் மழை ஈரமும் துருவும் சேர்ந்தால் அந்த உராய்வு இன்னும் கூடும்.

நம் நாட்டில் அதிகம் ஓடும் சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தேவையான முறுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. காரோடு வரும் ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். பெரியவர்கள் பெரும்பாலோரால் இது முடியும்.

டயர் கடைகளில் பயன்படுத்தும் ‘ஏர் கன்’ இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவசரத்தில் இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தி, நட்டு 300 நியூட்டன் மீட்டருக்கு இறுகிவிட்டால், அதே ஸ்பேனரில் 120 கிலோ அளவுக்கு அழுத்தினால்தான் அது இளகும். இரவு வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வரும் பெண்ணோ, 60 வயதைக் கடந்த பெரியவரோ அதை எப்படிச் செய்வார்?

கழற்றும் முறை

முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும். எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டையை வைக்க வேண்டும்.

ஜேக் வைப்பதற்கு முன்பே நட்டை இளக்க வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். சக்கரம் தரையில் இருந்தால்தான் அது சுற்றாமல் நிற்கும். காரைத் தூக்கிய பிறகு முழுப் பலத்தோடு இழுத்தால் ஜேக் சாய்ந்து கார் விழக்கூடும்.

ஸ்பேனர் நட்டுக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும். பல கார்களுக்கு 19 அல்லது 21 மில்லிமீட்டர் பொருந்தும். நட்டின் மேல் உள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரை அடிவரை செருக வேண்டும். பாதி மட்டும் பிடித்திருந்தால் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்றுவது, இறுகிய நட்டைக் கழற்றுவதைவிடப் பெரிய பாடு.

அடுத்து, ஸ்பேனரின் கைப்பிடி தரைக்கு இணையாக, நட்டுக்கு இடப்பக்கம் இருக்கும்படி மாட்டவும். அப்போது கீழ்நோக்கி அழுத்தினால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். உடல் எடையும் துணைக்கு வரும். ஒரே சீராக, மெல்ல மெல்ல எடையை ஏற்ற வேண்டும்.

அப்படியும் அசையவில்லையா? பட்டறைகளில் செய்யும் ஒரு வேலையைச் செய்து பார்க்கலாம். இளக்குவதற்குப் பதிலாக, முதலில் இறுக்கும் திசையில் ஓர் இம்மி நகர்த்திவிட்டுப் பிறகு எதிர்த்திசையில் இழுப்பது. மரையில் பிடித்திருக்கும் துரு இதனால் உடையும். நட்டின் தலையில் சுத்தியலால் நான்கைந்து முறை நேராகத் தட்டுவதும் உதவும்.

துருதான் காரணம் என்றால், துரு இளக்கும் எண்ணெயை மரை தெரியும் இடத்தில் கொஞ்சமாகத் தெளித்து, 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த எண்ணெய் பிரேக் தட்டில் படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. ஏர் கன்னால் இறுகிய புது நட்டுக்கு எண்ணெய் பெரிதாக உதவாது. அதற்கு வேண்டியது நீளம்.

பாறையை நெம்பக் கடப்பாரையை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஸ்பேனரின் கைப்பிடி மீது இரும்புக் குழாயைச் செருகி 75 சென்டிமீட்டராக நீட்டினால், 120 கிலோ கேட்ட நட்டு 40 கிலோவுக்கே இளகும். ஆனால், மெல்லிய ஸ்பேனர் இதைத் தாங்காமல் வளையலாம், உடையலாம். அதனால், இறுகிய போல்ட்டைக் கழற்றுவதற்கென்றே கடைகளில் விற்கும் நீளமான தடித்த கம்பியும் சரியான அளவு சாக்கெட்டும் வாங்கி வைப்பது நல்லது. சிலுவை வடிவ ஸ்பேனரும் நல்ல துணை. ஒரு கையால் இழுத்து மறுகையால் அழுத்துவதால், அது எளிதில் வழுக்காது.

செய்யக் கூடாதவை

ஸ்பேனரின் மீது ஏறிக் குதிக்கக் கூடாது. அது நழுவினால் கணுக்கால் போய்விடும். ஸ்பேனருக்கு அடியில் ஜேக்கை வைத்துத் தூக்கும் வித்தையும் ஆபத்தானது. சக்கரத்தில் டயர் இருக்கும்போது நட்டை நெருப்பால் சூடாக்கவே கூடாது. வெப்பத்தில் டயர் வெடித்து உயிரைப் பறிக்கும். நட்டின் முனை மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறையை அழைப்பதே மேல்.

நெடுஞ்சாலையில் நின்றால், அவசர விளக்கைப் போட்டுவிட்டு அனைவரும் தடுப்பு வேலிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வலப்பக்க டயர் என்றால் வாகனங்கள் முதுகுக்குப் பின்னால் பாயும்; அங்கே குனிந்து உட்கார வேண்டாம். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற எண்ணை அழைத்தால் ரோந்து வாகனத்தின் உதவி கிடைக்கும்.

எண்ணெய் போல்ட்டும் இப்படித்தான்

வீட்டிலேயே எஞ்சின் எண்ணெய் மாற்றுபவர்களைத் திணற வைப்பது, எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ள போல்ட்டு. பல சிறிய கார்களில் அதற்குத் தேவையான முறுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஒழுகக் கூடாது என்று பயந்து மேலும் மேலும் இறுக்கினால், அடுத்த முறை கழற்றும்போது தொட்டியின் மரையும் சேர்ந்தே பெயர்ந்து வரலாம். ஒழுகலைத் தடுப்பது இறுக்கம் அன்று, போல்ட்டோடு வரும் வாஷர். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டும்.

காருக்கு அடியில் படுத்திருப்பவருக்குத் திசை குழம்பும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது. தாங்கி வைத்த பிறகே படுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

நெடும்பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, காரைத் தூக்காமல், காரோடு வந்த ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று இளக்கி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஒன்றை இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எந்த நட்டு அசைய மறுக்கிறதோ, அதைக் கழற்றும் இடம் உங்கள் வீட்டு வாசல் அல்லது பக்கத்துப் பட்டறை. பூட்டு நட்டு போட்டிருப்பவர்கள் அதன் சாவி காரிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரைக் கழற்றி மாட்டினால், மரையில் படிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, முதலில் கையாலேயே நட்டுகளை ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிராக இறுக்க வேண்டும். எண்ணெய் இருந்தால், அதே முறுக்குக்குத் தண்டு அளவுக்கு மீறி இழுபடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, “கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் செய்யுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். குறித்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கும் கருவி அது. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடம்தான், நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் குழந்தைகளோடு நிற்கும் ஒரு குடும்பத்தை மறுபடி வண்டியில் ஏற்றி ஊர் சேர்க்கும்.