ஸ்பிட்பயர் வண்டியின் தெறிப்புத் தடுப்பு

மழைக்காலத்துச் சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் வண்டியின் சக்கரங்கள் வாரி இறைத்த சேற்று நீரால், உடுத்த வெள்ளை வேட்டி பாழாகி வீடு திரும்பிய அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. அந்நீர் வழிப்போக்கர்மீது மட்டுமன்றி, அவ்வண்டியின் சொந்த யந்திரத்தின்மீதும் பாய முயல்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அதனைத் தடுப்பதற்கென்று வண்டிதோறும் ஏதேனும் ஒரு மறைப்பு உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதி. ஒரு வண்டியில் மட்டும் அது வெறும் அட்டைத் துண்டாய் அமைந்து, அவ்வட்டை அழிந்தபின் வண்டிக்குடையோரைப் பலவாறு வருத்தியது. அதன் வரலாற்றையும், அதனை மீண்டும் செய்து பொருத்தும் முறையையும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நாம் குறிக்கும் வண்டி இங்கிலாந்து தேசத்துக் காவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் இருவர் அமரும் சிறு வண்டி. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. அக்காலத்தே மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. இன்றும் அவற்றைப் பேணி ஓட்டுவோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர். அதற்கு முன்னோடி 1959-இல் தோன்றிய ஹெரால்டு என்னும் குடும்ப வண்டி. அந்த ஹெரால்டையே 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரால் செய்து விற்றனர். ஆகலின், ஸ்பிட்பயரைக் கண்ணால் காணாத நம்மவரும் அதன் தமையனை நன்கறிவர்.

இவ்விரு வண்டிகளுக்கும் பொதுவான சிறப்பொன்று உண்டு. பிற வண்டிகளில் பானெட் எனப்படும் முகப்பு மூடி மட்டுமே திறக்கும்; அதன் இருமருங்கும் உள்ள மட்கார்டுகள் அசையாது நிற்கும். இவற்றிலோ மூடி, மட்கார்டு, விளக்கு ஆகிய யாவும் ஒரே துண்டாய், முன்முனையிலுள்ள கீலைப் பற்றி முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். அவ்வாறு கவிழ்த்தபின் யந்திரம் முழுவதும், முன் சக்கரங்கள் இரண்டும், திருப்பும் கருவிகளும் வெட்டவெளியில் நிற்கக் காண்கிறோம். தொழிலாளி முன் சக்கரத்தின்மீதே அமர்ந்துகொண்டு யந்திரத்தைப் பழுது பார்க்கலாம், முதுகு வளையாது. இத்துணை எளிதாய் யந்திரத்தை அணுகக்கூடிய வண்டிகள் மிகச் சிலவே என்பது எமது துணிபு.

ஆயின் இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. பிற வண்டிகளில் சக்கரத்திற்கும் யந்திரத்திற்கும் இடையே இரும்புத் தகட்டாலாய உட்சுவர் உடலோடு ஒன்றாய் நிற்கும். இவ்வண்டியில் மட்கார்டின் உட்புறம் மூடியோடு சேர்ந்து மேலெழும்புவதால், கீழே சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டத்திற்கும் மேலே மூடிக்கும் நடுவில் ஒரு பெரும் இடைவெளி இருமருங்கும் எஞ்சுகிறது. அவ்விடைவெளியை அடைக்கவே யந்திரத்தின் இருபுறமும் கறுப்பு வர்ணம் பூசிய தடித்த அட்டையைச் சிறு திருகுகளால் பொருத்தினர். ஆங்கிலேயர் இதனை வேலன்ஸ் என்பர். கட்டிலைச் சுற்றித் தொங்கவிடும் குறுந்திரைக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். யந்திரத்தைச் சேற்றினின்று காக்கும் பொறுப்பைத் திரைச்சீலையின் பெயர் தாங்கிய ஓர் அட்டையிடம் ஒப்புவித்தனர் போலும்! எனினும் அட்டை இலேசானது, மலிவானது, ஓசை எழுப்பாதது. புதிய வண்டியில் சில ஆண்டுகள் அது தன் கடமையைச் செவ்வனே செய்தது. பின்னர் விளிம்பு வழியே நீரையும் எண்ணெயையும் உறிஞ்சி, ஏடு ஏடாகப் பிரிந்து, திருகு மட்டும் தொங்க அட்டை மறைந்தது. பழுது பார்ப்போரும் இடையூறெனக் கருதி அதனைக் கழற்றி எறிந்தனர். அது இல்லாமலே வண்டி ஓடியது. ஆதலின் அது வேண்டியதில்லை என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதைச் சிறிது கணக்கிட்டுக் காண்போம். இவ்வண்டியின் சக்கரம், டயரோடு சேர்த்து, ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் ஆரம் உடையது. மணிக்கு 60 மைல் வேகத்தில் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் நீர்த்துளி, தன் எடையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு விசையால் பற்றப்பட்டால் அன்றி அங்கே நிலைத்திராது. அத்தகைய பற்று நீருக்கு ஏது? ஆகவே அது டயரைவிட்டுத் தொடுகோட்டின் வழியே பின்னோக்கியும் மேனோக்கியும் பாய்கின்றது. வேகம் பாதியானால் இவ்விசை காற்பங்காகக் குறையும். எனினும் 60 மடங்கிற்குக் குறைவதில்லை. இன்னுமொன்று: இடப்புறம் திரும்புங்கால் இடச்சக்கரத்தின் பின்விளிம்பு யந்திரத்தை நோக்கி உட்புறம் வருகின்றது, வலப்புறம் திரும்புங்கால் வலச்சக்கரமும் அவ்வாறே. ஆதலால் தேங்கிய நீரில் வண்டியைத் திருப்பும் வேளையிலேதான் யந்திரத்தின்மீது நேராக நீர் வீசப்படுகின்றது. அந்நீர் தனித்தும் வருவதில்லை. மணலையும் பொடிக்கல்லையும், குளிர்நாடுகளிற் பனியை உருக்கச் சாலையிலிடும் உப்பையும் உடன் கொணர்கின்றது.

அந்நீர் எதனைக் கெடுக்கும்? யந்திரத்தின் ஒருபுறம் கார்புரேட்டர்களும் புகைக்குழாயும் உள. மறுபுறம் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் மின்பங்கீட்டுக் கருவி உளது. பின்னதே நமது கவலைக்குரியது. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, டிஸ்ட்ரிபியூட்டர் அதனை நான்கு பிளக்குகளுக்கும் முறையே பகிர்ந்தளிக்கிறது. யந்திரம் நிமிஷத்திற்கு 3000 முறை சுழலும்போது, நொடிக்கு 100 பொறிகள் இவ்வழியே செல்லவேண்டும். அவ்வுயர்ந்த மின்னழுத்தம் எப்போதும் எளிய வழி நாடும். மூடியின்மீதோ கம்பிகளின்மீதோ சேறு கலந்த ஈரம் படிந்தால், மின்சாரம் பிளக்கைவிட்டு அவ்வீரத்தின் வழியே இரும்பிற்குப் பாய்ந்துவிடும். யந்திரம் முதலில் விக்கும், பின் இருமும், பின் நிற்கும். முன்னும் பின்னும் கனத்த லாரிகள் வரும் சாலையில், மழையிரவில் ஒரு வண்டியை முந்திச் செல்லும் கணத்தில் இது நிகழ்ந்தால் என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஈரம் உலர்ந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவாரும் உளர். அஃது எப்போதும் உண்மையன்று. ஈரத்தின் வழியே ஓடிய பொறி, மூடியின் பரப்பைக் கருக்கி, மயிரிழை போன்றதொரு கரிக்கோட்டை விட்டுச் செல்கின்றது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருளாதலின், அதன்பின் உலர்ந்த நாளிலும் யந்திரம் விக்கத் தொடங்கும். காரணம் அறியாதோர் கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பர். கார்புரேட்டரின் பக்கத்திலோ, நனைந்த காற்று வடிகட்டி மூச்சுத் திணறும். மணல் இணைப்புக் கம்பிகளைத் தேய்க்கும். அது மெல்ல நேரும் கேடு. இது உடனே நேரும் கேடு.

இனி, அழிந்த அட்டைக்கு மாற்றாக எதனைப் பொருத்துவது? பழைமையை அப்படியே காக்க விரும்புவோர் அட்டையையே மீண்டும் வாங்குவர். அவர்கள் அதன் விளிம்பையும் துளைகளின் ஓரத்தையும் வார்னிஷால் இருமுறை நனைத்து அடைத்தல் வேண்டும். ஏனெனில் அட்டை நீரை முகத்தால் குடிப்பதில்லை, விளிம்பால் குடிக்கின்றது. பிளாஸ்டிக் தகடுகளும் கிடைக்கின்றன. அவை துருவா, நனையா. ஆனால் அவற்றுட் பலவகை 100 டிகிரி சென்டிகிரேடு அளவில் இளகத் தொடங்குவனவாதலின், புகைக்குழாய்ப் புறத்தில் எச்சரிக்கை வேண்டும். எமது தேர்வு 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடே. இரும்பில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றே மிகுந்த எடைதான் உடையது, சாதாரண வாளால் அறுக்கலாம், வெப்பத்திற்கு அஞ்சாது. சிறுகல் பட்டால் சிறு பறைபோல் ஒலிக்கும் என்பது ஒன்றே குறை. உட்புறம் ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டினால் அதுவும் அடங்கும்.

சென்னையிலுள்ள ஒரு பழைய ஹெரால்டுக்கு இத்தடுப்பைச் செய்தபோது நாம் இழைத்த பிழையை ஈண்டு ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கிய நிலையில் அளவெடுத்து, நேரே தகட்டை வெட்டினோம். அழகாய்ப் பொருந்தியது. வண்டியைக் கீழிறக்கி முழுதும் திருப்பியவுடன் டயர் தகட்டை உரசிற்று! தொங்கும் சக்கரம் நிற்கும் இடம் வேறு, பாரம் தாங்கும் சக்கரம் நிற்கும் இடம் வேறு என்பதை நாம் மறந்திருந்தோம். ஸ்பிட்பயரில் இதற்கு இன்னும் கவனம் வேண்டும். அவ்வண்டி 24 அடி வட்டத்திற்குள் திரும்பவல்லது. அதாவது அதன் முன்சக்கரங்கள் பிற வண்டிகளினும் மிகுதியாக உள்நோக்கி வளைகின்றன. ஆகையால் முதலில் மெல்லிய காகித அட்டையில் மாதிரி வெட்டவேண்டும். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் திருப்புச் சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்ப, இருவர் முன்புறத்தை அமுக்க, அப்போதும் டயருக்கும் மாதிரிக்கும் இடையே விரலளவேனும் இடம் இருத்தல் வேண்டும். இதன் பின்னரே தகட்டில் வாளை வைக்கலாம்.

வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்குதல் இன்றியமையாதது. கம்பிகள் தகட்டை ஊடுருவும் துளைகளில் ரப்பர் வளையம் இடவேண்டும்; இல்லையேல் வண்டியின் அதிர்ச்சியால் உறை தேய்ந்து, மின்சாரம் தகட்டில் பாய்ந்து தீயும் பற்றலாம். பாட்டரியின் இணைப்பை முதலிலேயே கழற்றிவிடுதல் நலம். பிரேக் குழாய் செல்லும் வழியில் தகடு எங்கும் தொடலாகாது. சேஸிஸில் புதுத் துளை இடவேண்டா, பழைய கவ்விகளும் துளைகளும் துருவுக்கடியில் பெரும்பாலும் இருக்கும், சுரண்டினால் வெளிப்படும். அலுமினியமும் இரும்பும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அவற்றிடை மின்னோட்டம் பிறந்து அலுமினியம் அரிக்கப்படும். ஆதலின் இரண்டையும் வர்ணம் பூசி, நடுவே ரப்பர் வாஷர் வைத்து, அகன்ற வாஷரோடு திருகுக. தகட்டின் அடிவிளிம்பை முற்றும் அடைத்துவிடலாகாது. தப்பி உள்ளே புகுந்த நீர் வடியவும், வெப்பக் காற்று வெளியேறவும் வழி வேண்டும்.

எஞ்சியது மேல்விளிம்பு. இங்கே ஒரு ரப்பர்ப் பட்டை தகட்டிற்கும் மூடிக்கும் இடையே அழுந்தி நிற்கவேண்டும். மிகையாய் அழுந்தினால் மூடி பூட்டில் விழாது. குறைந்தால் நீர் புகும். மூடியைத் தாழ்த்தியபின் உள்ளே எட்டிப் பார்க்க இயலாதன்றோ? அதற்கு எளிய வழி, விளிம்பு நெடுகச் சாணுக்கொன்றாக ஈரக் களிமண் உருண்டைகளை வைத்து, மூடியை மெல்லத் தாழ்த்தி மீண்டும் உயர்த்துதல். நசுங்கிய உருண்டையின் கனமே அவ்விடத்து இடைவெளியின் அளவு. அதனினும் இரண்டொரு மில்லிமீட்டர் மிகுதியாகப் பட்டையை அமைத்து, அதன் இதழ் சக்கரத்தை நோக்கிச் சாயுமாறு ஒட்டவேண்டும். அப்போது வீசும் நீரே அதனை மூடியோடு சேர்த்து அழுத்தும்.

இவ்வளவும் முடிந்தபின் தகட்டின் உட்புறத்திலும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றிய இரும்பிலும் உலர்ந்த சுண்ணப் பொடியைத் தூவி, மழை பெய்து ஓய்ந்த சாலையில் இரண்டு மைல் ஓட்டி, மூடியைத் திறந்து பார்க்கவும். பொடி எங்கே கரைந்து கோடிட்டிருக்கின்றதோ, அங்கே இன்னும் ஒரு துண்டு ரப்பர் வேண்டும்.