கர்ப்பகாலம் தரும் முன்னறிவிப்பு: பெண்களின் இதயநலம்

இதயநோய்ப் பிரிவுக்கு முதன்முறையாக வரும் பெண்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று பலருக்கு வியப்பளிக்கிறது. “கருவுற்றிருந்தபோது இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்ததா?” என்பதே அது. எப்போதோ நடந்த பிரசவத்துக்கும் இன்றைய நெஞ்சுவலிக்கும் என்ன தொடர்பு என்று உடன்வந்தவர்கள் கேட்பதுண்டு. நெருங்கிய தொடர்பு உண்டு. பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு யாருக்கு மிகுதி என்பதைக் கர்ப்பகாலம் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டித்தருகிறது. அந்த அறிவிப்பைப் பயன்படுத்திக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கு விளக்குகிறோம்.

இதயத்துக்கு ஒரு சோதனை

கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இதயம் நிமிடந்தோறும் வழக்கத்தைவிட 30 முதல் 50 விழுக்காடு அதிகமான இரத்தத்தைச் செலுத்துகிறது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலைக் குறைப்பதால், கணையமும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இச்சுமையைத் தாங்கிக்கொள்கிறது.

சிலருக்கு 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்கிறது. அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவதையே நம் வீடுகளில் ‘உப்புச்சத்து இறங்குகிறது’ என்பார்கள். மருத்துவர்கள் இந்நிலையைப் பிரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். வேறு சிலருக்கு, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து 2 மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையில் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காணப்படும். அது கர்ப்பகால நீரிழிவு. நம் நாட்டில் இச்சோதனை பரவலாவதற்குப் பெரிதும் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10, தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிரசவத்தோடு முடிவதில்லை

குழந்தை பிறந்தபின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலும் இயல்புநிலைக்குத் திரும்பிவிடுகின்றன. “எல்லாம் சரியாகிவிட்டது” என்று குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இரத்தக் குழாய்களிலும் கணையத்திலும் வெளிப்பட்ட பலவீனம் முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கருத இயலாது. பிரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய், பக்கவாதம் ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்கு நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு மிகுதி. 37 வாரங்களுக்கு முன்பே குழந்தை பெற்றவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க இதயச் சங்கம் 2011ஆம் ஆண்டில் பெண்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பகால இரத்த அழுத்தமும் கர்ப்பகால நீரிழிவும் இதயநோய்க்கான இடர்க்காரணிகளாகச் சேர்க்கப்பட்டன.

இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. வாய்ப்பு மிகுதி என்பதற்கு நோய் உறுதி என்று பொருளன்று. முன்கூட்டியே அறிந்தவர்களுக்குத் தடுத்துக்கொள்ளக் காலம் இருக்கிறது.

எப்போது, என்ன பரிசோதனை?

பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரங்களில் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்த அழுத்தம் அக்காலத்திலும் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும்.

குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட பெரும்பாலான தாய்மார்கள் தவறாமல் வருகிறார்கள். அன்றே தாயின் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் அந்நாளையொட்டிக் குளுக்கோஸ் சோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது நல்லது. கொழுப்பின் அளவை எப்போது பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர் கூறுவார். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நம் நாட்டுப் பெண்களுக்கு உகந்தது.

மீண்டும் கருவுற விரும்புபவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் தரப்படும் மருந்துகள் சிலவற்றைக் கர்ப்பகாலத்தில் உட்கொள்ளக் கூடாது. முன்பு பிரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு, அது மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்க மூன்றாம் மாத இறுதியிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தரப்படுவதுண்டு. இதை மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்கலாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். தாய்க்கு மட்டும் தனிச்சமையல் என்பது நெடுநாள் நீடிப்பதில்லை. குழம்பில் உப்பைக் குறைத்தால் குடும்பம் முழுவதும் பயன்பெறும். வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று விரைவாக நடக்க வேண்டும். நாள் முழுதும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கித்தருவது வீட்டிலுள்ளவர்களின் கடமை. புகைப்பவர் வீட்டுக்குள் புகைக்கலாகாது. விறகடுப்பின் புகையும் இதயத்துக்குக் கேடு. தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டுமன்றித் தாயின் இதயத்துக்கும் நன்மை பயப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

மாதவிடாய் நின்றபின்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு, தீய கொழுப்பும் இரத்த அழுத்தமும் உயரத் தொடங்குகின்றன. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், சினைப்பைகள் அகற்றப்பட்டவர்களும் இதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இதயத்தைக் காக்கும் என்று கருதித் தாமாகவே ஹார்மோன் மாத்திரை உட்கொள்வது தவறு.

மாரடைப்பின்போது பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி. எனினும் மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகில் வலி, குமட்டல், வியர்வை, காரணமற்ற பெருங்களைப்பு ஆகியவை அதனுடன் சேர்ந்தோ, சில வேளைகளில் நெஞ்சுவலி இல்லாமலோ தோன்றக்கூடும். வாயுத்தொல்லை என்று எண்ணிக் கஷாயம் குடித்துக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது தாய்சேய் நல அட்டை, பிரசவத்தின்போது தந்த வெளியேற்றக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அவை இல்லாவிடில் நினைவிலுள்ளதைச் சொன்னாலும் போதும். அந்நாளில் உடனிருந்த அம்மாவையோ அத்தையையோ கேட்டறிந்தும் வரலாம். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பதாகத் தெரியவந்தால் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். மாதந்தோறும் வந்து பெற இயலாதவர்கள், 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் அம்மருந்துகளை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்.