கயிறு கட்டிய கதவு

பழைய லாரிகள் சிலவற்றில் கதவையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து ஒரு கயிறு கட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "பூட்டு கொஞ்சம் லூஸ், ஓடுகிறவரை ஓடட்டும்!" என்று வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவோம். நான் இனிமேல் சிரிக்கப் போவதில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி நின்றுகொண்டிருந்தது. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டெல்கோ நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த வண்டிகளில் ஒன்று அது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வண்டியின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்!

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். தகப்பனார் ஓட்டிய வண்டி, விற்க மனமில்லை. தோட்டத்துக்குள்ளேயே தீவனம் ஏற்ற வைத்திருக்கிறார். முதல் நாள் மாலை, பத்து வயதுப் பேரன் இடப் பக்கத்துக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிணற்றடியில் வண்டி வலப் பக்கம் திரும்பியது. கயிறு அறுந்தது, கதவு 'படார்' என்று திறந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த வேலையாள் எட்டிப் பிடித்தபோது, பையனின் சட்டைக் காலர் மட்டுமே கையில் அகப்பட்டது. நல்ல வேளை, சட்டை புதுசு!

"ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. நல்ல பூட்டா ஒண்ணு போட்டுருங்க, மேஸ்திரி" என்றார் பெரியவர்.

மேஸ்திரி பூட்டின் பக்கமே போகவில்லை. "பூட்டு கெடக்கட்டுங்க. மொதல்ல கதவைத் தூக்கிப் பாருங்க" என்றார்.

கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் முனையை அடியிலிருந்து தூக்கினார் பெரியவர். கதவு விரற்கடை அளவு மேலே எழும்பி இறங்கியது. "பார்த்தீங்களா? கோளாறு கீல்லயிருக்குது!"

விஷயம் இதுதான். கீல் ஆணி தேய்ந்தால் கதவு தொங்குகிறது. தொங்கினால் பூட்டின் நாக்கு, தூணில் உள்ள தகட்டின் பள்ளத்துக்குள் முழுதாக நுழையாமல் விளிம்பை மட்டும் பற்றிக்கொள்கிறது. குலுங்கினால் நழுவிவிடுகிறது. புதுப் பூட்டுப் போட்டாலும் கதை அதேதான். முக்காலே மூணு வீசம் தகராறு இப்படித்தானாம்.

மேஸ்திரி செய்ததைக் கவனியுங்கள். கதவுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கினார். அப்புறம்தான் கீல் ஆணியைத் தட்டி எடுத்தார். தாங்காமல் எடுத்தால் கதவு காலில் விழும். தேய்ந்து அகன்ற துளையைச் சீராகக் கடைந்து, அதற்கேற்ற பருமனான ஆணியைப் போட்டார். மரத் தூணில் திருகாணிகள் பிடிப்பில்லாமல் சுழன்றன. பழைய துளைகளில் தேக்கு முளைகளைப் பசை தடவி அடித்து, மறுபடி திருகினார்.

பிறகுதான் பூட்டு. மண்ணெண்ணெயில் கழுவியதும் பழைய கிரீஸும் புழுதியும் களிமண்ணாய்க் கரைந்தன. சோர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினார். நாக்கில் விளக்குக் கரியைத் தடவிக் கதவைச் சாத்தினார். தகட்டில் கரி பட்ட இடம், நாக்கு எங்கே மோதுகிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டது! தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தி, அதைச் சற்று நகர்த்தி, பின்னால் மெல்லிய தகரத் துண்டு கொடுத்து இறுக்கினார். கடைசியில் கதவைச் சுற்றிப் புது ரப்பர். சாத்தியபோது, 'டக்' என்று ஒரே சத்தம். இழுத்தால் ஆட்டமில்லை.

"ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க. திருகாணியை இன்னொரு தரம் இறுக்கணும்" என்றார்.

கதவுப் பூட்டு அற்ப விஷயமா? விபத்தில் வண்டிக்குள்ளேயே இருப்பவரைவிட, வெளியே தூக்கி எறியப்படுபவருக்கு உயிராபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் அதே டைம்லர்-பென்ஸ் கம்பெனி, மோதினாலும் கதவு திறந்துகொள்ளாதபடி ஆப்பு வடிவப் பூட்டு ஒன்றை 1959-ல் தன் கார்களில் பொருத்தியது. கார்க் கதவுப் பூட்டு இன்ன பலம் தாங்க வேண்டும் என்று 1968 முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே கதவைத் தூக்கிப் பாருங்கள். காசு செலவில்லை.

புறப்படும்போது பேரன் ஓடிவந்து இடப் பக்கம் ஏறப் போனான். பெரியவர் அவனை நடுவில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அறுந்த கயிறு பட்டறை வாசலில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.