பனிநாட்டுக் கணக்கு ஆத்தூருக்கு ஆகாது

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் வந்த வைட்டமின் சி மாத்திரை இன்னும் பல வீடுகளை விட்டுப் போகவில்லை. சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு நிற மாத்திரை. ஒன்றில் 500 மில்லிகிராம். புளிப்பும் இனிப்புமாக இருப்பதால் பிள்ளைகள் மிட்டாய் போலக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்த அளவோ ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65தான்.

சி சத்து அறவே குறைந்தால் ஆபத்து என்பது உண்மை. 1902இல் ஸ்காட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் அண்டார்டிகா பயணத்தில், ஆட்களுக்குச் சி சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்டு ஈறு வீங்கியது. புதிதாக வேட்டையாடிய சீல் இறைச்சி தின்ற பிறகே தேறினார்கள். அது பற்றாக்குறைக்கான மருந்து. போதுமான சத்து உள்ளவர் மேலும் மேலும் விழுங்கினால் சளி வராது என்பது வேறு பேச்சு.

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 29 சோதனைகளைத் திரட்டி 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வின்படி, தினமும் மாத்திரை சாப்பிட்ட சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி ஓரிரு வேளை முன்னதாக விட்டது, அவ்வளவுதான். சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், உறைபனியில் பயிற்சி எடுத்த ராணுவத்தினர் என்று 598 பேரிடம் மட்டுமே. ஆத்தூரில் கடை வைத்திருப்பவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

நம் ஊர்ப் பயம் வேறு: கிட்னிக் கல். உடம்பில் தேங்காத சி சத்தில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. கிட்னிக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான். ஸ்வீடனில் சுமார் 23,000 ஆண்களை 11 ஆண்டுகள் கவனித்ததில், சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வந்தது ஏறத்தாழ இரு மடங்கு. அது குளிர் நாடு. ஆத்தூர் காமராஜர் அணைக்குக் கீழே சித்திரை வெயிலில் களை எடுப்பவருக்கு வியர்வையிலேயே நீர் போய்விடுகிறது. சிறுநீர் மஞ்சளாகிக் கெட்டிப்படுகிறது. கல் பிடிக்க அதுவே தோது. அதன் மேல் இந்த மாத்திரையும் எதற்கு?

பழனிப் பக்கம் ஆயக்குடியில் விளையும் கொய்யாவில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் சி சத்து இருக்கிறது. பாதிப் பழமே ஒரு நாளைக்குப் போதும். ஏற்கெனவே கல் வந்தவர்களும் கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் டாக்டர் எழுதித் தராமல் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம். வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.