பயணச்சீட்டுப் பணத்தில் பறந்த டகோட்டா

அமெரிக்காவின் சாண்டா மோனிக்கா நகரில் இயங்கிய டக்ளஸ் விமான நிறுவனம் 1935-இல் பறக்கவிட்ட டிசி-3 என்னும் விமானம், இந்தியாவிலும் இலங்கையிலும் 'டகோட்டா' என்ற பெயரால் ஒரு தலைமுறைக்கே அறிமுகமாகியிருந்தது. அதற்கு முன்பே உலோக விமானங்கள் இருந்தன. அதைவிட விரைந்து பறந்தவையும் இருந்தன. ஆயினும், அஞ்சல் மூட்டைகளைச் சுமப்பதற்கு அரசு தரும் தொகையை நம்பியிராமல், பயணிகள் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே ஒரு போக்குவரத்து நிறுவனம் ஆதாயம் ஈட்ட முடியும் என்பதை நடைமுறையில் மெய்ப்பித்த முதல் விமானமாகப் போற்றப்படுவது அதுவே. அந்த விமானம் உருவான வரலாறு, விமானத்தைக் கட்டுபவர்களுக்கும் அதை வாங்கி ஓட்டுபவர்களுக்கும் இடையிலான உறவின் வரலாறும் ஆகும்.

மர இறக்கைகளின் முடிவு

1920-களில் பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களில் பெரும் புகழ் பெற்றவை, டச்சுக்காரரான அந்தோனி ஃபொக்கர் நிறுவிய தொழிற்சாலைகளில் உருவானவை. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து அமைத்த உடற்பகுதியைத் துணியால் போர்த்தி, மரச்சட்டங்களையும் ஒட்டுப்பலகைகளையும் பசையால் இணைத்து இறக்கைகளைச் செய்வது அக்கால வழக்கம். 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் மாநிலத்தில் இவ்வகையைச் சேர்ந்த ஃபொக்கர் எஃப்-10 விமானம் ஒன்று, பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்ததில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் நாடறிந்த கால்பந்துப் பயிற்சியாளரான நியூட் ராக்னி என்பதால் அமெரிக்கா முழுவதும் அதிர்ந்தது. இறக்கைக்குள் புகுந்த ஈரம் பசையைத் தளரச் செய்ததே காரணம் என்று கருதப்பட்டதும், மர இறக்கைகளை அடிக்கடி பிரித்துச் சோதிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அதன் செலவைத் தாங்க மாட்டாத நிறுவனங்கள் முழுவதும் உலோகத்தாலான விமானத்தைத் தேடத் தொடங்கின.

அத்தேடலுக்கு முதலில் விடை தந்தது சியாட்டில் நகரின் போயிங் நிறுவனம். 1933 பிப்ரவரியில் பறந்த அதன் 247 என்னும் விமானம், பத்துப் பயணிகளைச் சுமந்து, பறக்கும்போது சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் திறனோடு, பழைய விமானங்களை ஒரே நாளில் காலாவதியாக்கிவிட்டது. ஆனால் அதற்கு இரு குறைகள் இருந்தன. இறக்கைகளைத் தாங்கும் முதன்மைச் சட்டம் பயணியறையின் தரைக்கு மேலே குறுக்காகச் சென்றதால், இருக்கைக்குச் செல்பவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது; இது சிறு குறை. பெரிய குறை வணிகத்தைச் சார்ந்தது. போயிங்கும் யுனைடெட் போக்குவரத்து நிறுவனமும் அன்று ஒரே குழுமத்தின் கிளைகளாக இருந்தமையால், முதல் 60 விமானங்களும் யுனைடெட்டுக்கே என்று முடிவாகிவிட, போட்டி நிறுவனங்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஒரு கடிதமும் ஒரு நிபந்தனையும்

காத்திருக்க மறுத்தவர் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் ஜாக் ஃபிரை. 1932 ஆகஸ்ட் 2 அன்று அவர் விமானத் தொழிற்சாலைகளுக்கு ஒரு சுருக்கமான கடிதம் எழுதினார். மூன்று எந்திரங்கள், உலோகக் கட்டமைப்பு, குறைந்தது 12 பயணிகள், ஒரே மூச்சில் ஏறத்தாழ 1,740 கிலோமீட்டர் பறக்கும் ஆற்றல் ஆகியவற்றோடு, தம் தடத்திலுள்ள எந்த நிலையத்திலும் ஓர் எந்திரம் பழுதுபட்டாலும் முழுச் சுமையோடு மேலெழ வேண்டும் என்ற கடும் நிபந்தனையும் அதில் இருந்தது. அத்தடத்தின் மேற்கு நிலையங்கள் சில கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கையின் தூக்குவிசையும் எந்திரத்தின் திறனும் ஒருங்கே குறையும் என்பதை நினைத்தால் அந்த நிபந்தனையின் கடுமை விளங்கும்.

டொனால்ட் டக்ளஸும் அவருடைய பொறியாளர்களான ஜேம்ஸ் கிண்டல்பெர்கர், ஆர்தர் ரேமண்ட் ஆகியோரும், மூன்று எந்திரங்கள் கேட்ட வாடிக்கையாளரிடம் இரண்டே போதும் என்று துணிந்து கூறினர். முன்மூக்கில் எந்திரம் இல்லாவிட்டால் பயணியறைக்கு இரைச்சலும் எண்ணெய் நாற்றமும் குறையும். ஆனால் இரண்டில் ஒன்று நின்றால் பாதித் திறன் போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய அவர்கள் பல புதிய உத்திகளை ஒன்றுசேர்த்தனர். எந்திரத்தைச் சுற்றி வழவழப்பான மூடியிட்டுக் காற்றின் எதிர்ப்பைக் குறைத்தனர். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்களை வைத்து, குறைந்த வேகத்திலும் பாதுகாப்பாகத் தரையிறங்க வழி செய்தனர். மேலெழும்போது ஒரு கோணத்திலும் நெடுந்தொலைவு பறக்கும்போது வேறு கோணத்திலும் காற்றை வெட்டுமாறு அலகுகளைத் திருப்பக்கூடிய சுழல்விசிறியைப் பொருத்தினர்.

இறக்கையின் உள்ளமைப்பு இவை எல்லாவற்றிலும் சிறந்தது. ஜாக் நார்த்ராப் என்னும் பொறியாளர் வகுத்த முறைப்படி, முழுப் பாரத்தையும் ஒரே பெரிய சட்டத்தின்மீது ஏற்றாமல், பல மெல்லிய தகடுகளை நீளவாக்கில் நிறுத்தி, மேற்புறத் தகட்டையும் கீழ்ப்புறத் தகட்டையும் அவற்றோடு தறையாணிகளால் இணைத்து, இறக்கை முழுவதையும் பல சிற்றறைகளின் தொகுதியாக அமைத்தனர். பாரம் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து செல்வதால், ஓரிடத்தில் விரிசல் கண்டாலும் இறக்கை முறிந்துவிடுவதில்லை. உலோகம் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர்வதால் நாளடைவில் நலிவுறுவதை 'உலோகச் சோர்வு' என்பர். பிற்காலத்தில் பல விமானங்களை வீழ்த்திய அந்தச் சோர்வு இந்த இறக்கையை எளிதில் அண்டவில்லை. இறக்கையின் நடுப்பகுதி பயணியறைத் தரைக்குக் கீழே சென்றமையால், உள்ளே நிமிர்ந்து நடப்பதற்கும் தடை இல்லாமற் போனது.

டிசி-1 எனப் பெயரிடப்பட்ட முதல் விமானம் 1933 ஜூலை 1 அன்று பறந்தது. தரையிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில், மூக்கை உயர்த்தும்போதெல்லாம் எந்திரங்கள் நின்றன. தாழ்த்தினால் மீண்டும் ஓடின. விமானி கார்ல் கவர் சிறுகச் சிறுக உயரம் கூட்டி, வட்டமிட்டுத் திரும்பி, பத்திரமாகத் தரையிறக்கினார். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் மிதவை பொருத்தப்பட்டிருந்த விதமே, விமானம் மேல்நோக்கிச் சாயும்போது எரிபொருளை அடைத்தது என்று கண்டறிந்து, அதைத் திருப்பிப் பொருத்தியதும் அக்கோளாறு நீங்கியது. பிறகு அரிசோனாவின் வின்ஸ்லோ என்னும் உயர்ந்த நிலையத்தில், மேலெழும் வேளையிலேயே ஓர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, மற்றொன்றைக் கொண்டே ஆல்பகர்க்கி நகரம்வரை பறந்து காட்டியதோடு ஃபிரையின் நிபந்தனை நிறைவேறியது.

ஏழு இருக்கைகளின் கணக்கு

டிசி-1 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதைச் சற்று நீட்டி 14 இருக்கைகளோடு 1934-இல் டிசி-2 வெளிவந்தது. அவ்வாண்டு லண்டனிலிருந்து மெல்பர்னுக்கு நடந்த பந்தயத்தில், கே.எல்.எம். நிறுவனத்தின் டிசி-2 பயணிகளையும் அஞ்சலையும் சுமந்துகொண்டே, பந்தயத்துக்கென்று கட்டப்பட்ட ஒரு விமானத்துக்கு மட்டும் பின்னால் இரண்டாவதாக வந்ததும், டக்ளஸின் பெயர் உலகெங்கும் பரவியது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித்துக்கு வேறொரு தேவை இருந்தது. இரவில் படுத்துறங்கியபடியே நாட்டைக் கடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். டிசி-2 படுக்கைகளுக்குப் போதிய அகலம் இல்லாதது. அவர் வற்புறுத்தலின் பேரில் உடற்பகுதியை ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் அகலப்படுத்தி 14 படுக்கைகளோடு அமைத்த விமானம், 1935 டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்ததன் 32-ஆம் ஆண்டு நிறைவு நாளில், முதன்முறை பறந்தது. படுக்கைகளை நீக்கினால் அதே இடத்தில் 21 இருக்கைகள் கொள்ளும் என்பது தெரிந்ததும் டிசி-3 பிறந்தது.

அதன் வெற்றிக்கான காரணம் இந்த எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. 14 பேருக்குப் பதிலாக 21 பேரை ஏற்றினாலும், விமானிகளின் எண்ணிக்கையோ எந்திரங்களின் எண்ணிக்கையோ கூடவில்லை. எரிபொருளும் பராமரிப்பும் சிறிதளவே கூடின. ஆகவே கூடுதலாக ஏறிய ஏழு பேரின் கட்டணத்தில் பெரும்பகுதி ஆதாயமாக நின்றது. இதற்கிடையில், அஞ்சல் ஒப்பந்தங்கள் பற்றி எழுந்த சர்ச்சையை அடுத்து 1934-இல் இயற்றப்பட்ட சட்டம், விமானம் கட்டும் நிறுவனமும் போக்குவரத்து நிறுவனமும் ஒரே குழுமத்தில் இருப்பதைத் தடுத்துவிட்டது. போயிங்கிலிருந்து பிரிந்த யுனைடெட் நிறுவனமே டிசி-3 வாங்கியது. போயிங் 247 மொத்தம் 75 விமானங்களோடு நின்றுபோனது.

போரும் அதன் பிறகும்

இரண்டாம் உலகப் போர் டிசி-3-ஐப் பெருந்தொகையாகப் பெருக்கியது. அகன்ற சரக்குக் கதவும் வலுவூட்டிய தரையும் கொண்ட அதன் படைத்துறை வடிவத்துக்கு அமெரிக்கர்கள் சி-47 என்றும் பிரித்தானியர்கள் டகோட்டா என்றும் பெயரிட்டனர். அமெரிக்காவில் மட்டும் எல்லா வடிவங்களும் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. சோவியத் ஒன்றியம் உரிமம் பெற்று லி-2 என்ற பெயரில் கட்டியது; போருக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்த ஜப்பானும் தன் படைகளுக்காகக் கட்டியதால், பசிபிக் போரின் இரு தரப்பிலும் ஒரே உருவமுள்ள விமானம் பறந்தது. அசாமிலிருந்து இமயமலையின் கிழக்குத் தொடர்களைக் கடந்து சீனாவுக்குப் பொருள் கொண்டுசென்றவற்றிலும், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் வான்குடை வீரர்களை இறக்கியவற்றிலும் டகோட்டாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

போர் முடிந்ததும் மிஞ்சிய விமானங்கள் மலிவாக விற்கப்பட்டன. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் வான்வழிப் போக்குவரத்து அவற்றைக் கொண்டே வேரூன்றியது. 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படையினரை ஸ்ரீநகரில் இறக்கியவை டகோட்டாக்கள். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை வந்தடைந்தது, அதுவும் டகோட்டாவே. 1949-இல் இந்தியாவில் தொடங்கிய இரவு அஞ்சல் சேவையில், டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் சந்தித்து, மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பின. சென்னையில் மாலையில் அஞ்சலில் சேர்த்த கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைக்க இந்த ஏற்பாடே வழி வகுத்தது. 1953-இல் எட்டுத் தனியார் நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, அதற்குக் கிடைத்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

வால்பகுதியில் சிறு சக்கரம் கொண்ட அந்த விமானம் தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்தே இருக்கும். பின்கதவு வழியாக ஏறிய பயணி, சரிவான பாதையில் மேலேறி இருக்கையை அடைய வேண்டும். உட்காற்றின் அழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டும் வசதி இல்லாமையால் அது மேகங்களுக்கு மேலே செல்ல இயலாமல், பருவமழைக் காலத்தில் குலுங்கிக் குலுங்கியே பறந்தது. பின்வந்த ஃபொக்கர் ஃபிரெண்ட்ஷிப், ஆவ்ரோ 748 போன்றவை இக்குறைகளைப் போக்கின. இவையும் டகோட்டாவின் இடத்தை நிரப்புவதையே குறிக்கோளாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

டக்ளஸ் நிறுவனம் டிசி-8, டிசி-9 ஆகிய ஜெட் விமானங்களைக் கட்டியபோதும், பண நெருக்கடிக்கு ஆளாகி 1967-இல் மெக்டோனல் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனத்தை 1997-இல் போயிங் தன்னுள் சேர்த்துக்கொண்டது. யுனைடெட்டுக்குக் கொடுத்த பிறகே மற்றவர்க்கு என்று 1932-இல் கூறிய நிறுவனத்திடமே, அந்த மறுப்பினால் பிறந்த விமானத்தின் பாரம்பரியமும் வந்து சேர்ந்தது. ஆயினும் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் பாஸ்லர் நிறுவனம் பழைய டிசி-3 விமானங்களின் உடலை நீட்டி, புதிய சுழலி எந்திரங்களைப் பூட்டிப் பறக்கவிட்டு வருகிறது. அவற்றில் சில அண்டார்டிகாவின் பனிவெளியில் சறுக்குக் கட்டைகளின்மேல் இறங்கி ஆய்வாளர்களை ஏற்றிச் செல்கின்றன. எந்திரமும் கருவிகளும் மாறிவிட்ட அந்த விமானங்களை இன்றும் தாங்கி நிற்பது, ஒற்றை எந்திரத்தோடும் மேலெழ வேண்டும் என்று கேட்ட ஒரு வாடிக்கையாளருக்காக வகுக்கப்பட்ட அதே பலவறை இறக்கைதான்.